உண்டாங் வாத்தியார்

தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்றுவிட்ட ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. வனவிலங்குக்காரர்கள் இதைக் கணக்கெடுப்பதில்லை. பாதுகாக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அது பெருகிக் கிடக்கிறது. கல்யாணமே ஆகாமல் மாமியாரை மடக்கும் வழி சொல்லித் தருபவர், விமானப் படியில் கால் வைக்காமலே லண்டன் குளிருக்கு எத்தனை சட்டை வேண்டும் என்று சொல்பவர், அடுப்பங்கரையில் தண்ணீர் குடித்ததைத் தவிர வேறொன்றும் செய்யாமல் பிரியாணிக்கு எப்போது தம் போட வேண்டும் என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பவர், எல்லாரும் இந்த இனத்தின் கிளைகள்தாம். அவற்றுள் நன்றாகச் செழித்த கிளை ஒன்று கோலசிலாங்கூருக்கு வடக்கே, ஒன்பதாங்கட்டைச் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. ஊர் வைத்த பெயர் உண்டாங் வாத்தியார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஐயாவு.

உண்டாங் என்றால் வாகன உரிமத்துக்கு முதலில் எழுத வேண்டிய சாலைவிதித் தேர்வு. ஐம்பது கேள்வி. நாற்பத்திரண்டு சரியாக இருந்தால் பழகுநருக்கான 'எல்' லைசென்ஸ் கையில். இல்லையென்றால் அடுத்த வாரம் வா. அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஐயாவுவைக் கேட்டால் அவ்வளவுதான் என்று சொல்ல மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்துப் பெரட்டுக்களத்துக்குப் போய்ப் பாருங்கள். வேலை நாளில் விடியற்காலையில் பெயர் கூப்பிடும் தகரக் கொட்டகைதான் அது. உண்டாங் எழுதப் போகிற நாலைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே ஐயாவு நிற்பார். ஐம்பத்தொரு வயது, இருபத்திரண்டு வருடமாகத் தொழிலாளிகளை மேய்க்கும் மண்டோர், சட்டைப் பையில் மூன்று பேனா. கையில் அந்தப் புத்தகம். அட்டை போய், முதல் பன்னிரண்டு பக்கம் போய், மிச்சமும் மஞ்சள் தட்டி, வாரத்தின் மற்ற ஆறு நாளும் பிளாஸ்டிக் பைக்குள் சாமி படத்துக்குப் பின்னால் குடியிருக்கும் புத்தகம். அதை அவர் யாருக்கும் இரவல் தருவதில்லை.

"புக்கு எல்லார் கையிலயும் இருக்கும். மூள எல்லார்கிட்டயும் இருக்குமா?"

யாரும் பதில் சொல்வதில்லை. பதில் சொன்னால் வகுப்பு நீளும். அத்தனை கேள்விகளும் விடைகளும் அவரவர் கைப்பேசியிலேயே கிடக்கின்றன என்பதையும் யாரும் சொல்வதில்லை. மண்டோரின் வகுப்புக்கு வராதவர்களை மண்டோருக்கு மறுநாள் காலையில் நன்றாக நினைவிருக்கும்.

"நல்லா கேட்டுக்குங்க. மொத விடைய மட்டும் தொடாதீங்க. கவர்மெண்டு ஆபீசுல மொத கவுண்டர்ல எவனுக்காச்சும் வேல முடிஞ்சிருக்கா? முடியாதுல்ல? அப்ப மொத விட மட்டும் எப்படிலா சரியா இருக்கும்?"

இது முதல் சட்டம். இரண்டாவது, நாலு விடையில் எது நீளமோ அதுவே சரி, ஏனென்றால் பொய் சொல்கிறவன் சுருக்கமாகத்தான் சொல்வான். மூன்றாவது சட்டம் ஐயாவுவுக்கு உயிர்.

"முச்சந்தி வருதா, ரெண்டு ஹார்ன். வளவு வருதா, ரெண்டு ஹார்ன். முனியாண்டிக்கு அடிக்கிற மாரி அடிச்சிட்டுப் போய்க்கிட்டே இரு. முப்பது வருசத்துல இந்தத் தோட்டத்துல ஒரு ஆக்சிடன் உண்டா?"

"போன வருசம் லோரி கால்வாயில எறங்கிச்சே மாமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். நர்சரியில் செம்பனை நாற்றுக்குத் தண்ணீர் விடும் பிரேமலாவின் குரல். இருபத்தாறு வயது. கேட்கக் கூடாத இடத்தில் சரியாகக் கேட்கிற பெண்.

"அவன் ஹார்ன் அடிக்கல."

அவருடைய மாணவன் தேறினால் அது ஐயாவுவின் வகுப்பு. தோற்றால், "நான் சொன்னத எங்க கேட்டான்?" இப்படியொரு பள்ளிக்கூடத்தில் தோல்வி என்பது எப்படி நடக்கும்? நடக்கவே நடக்காது.

முனியாண்டிக்கு ஹார்ன் அடிப்பதைச் சொல்ல வேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலை பெரிய சாலையைத் தொடுகிற இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் அடியில் முனியாண்டி. பக்கத்தில் 'நில்' என்று அரசாங்கம் நட்ட சிவப்புப் பலகையும் உண்டு. அதன் முகத்தில் பல வருடமாகத் திருவிழா அறிவிப்பு கட்டியிருப்பதால் அது நிற்கச் சொல்வது யாருக்கும் கேட்பதில்லை. மோட்டார் சைக்கிள்காரர், லோரிக்காரர், மேனேஜர் வரை எல்லாரும் அந்த இடத்தில் சாமிக்கு இரண்டு ஹார்ன் அடித்துவிட்டு, வேகம் குறையாமல் பெரிய சாலையில் ஏறிவிடுவார்கள். அங்கே நின்று வலம் இடம் பார்ப்பது முனியாண்டியின் காவலைச் சந்தேகப்படுவதாகும் என்பது தோட்டத்து நம்பிக்கை.

ஒரே ஓர் ஆள் மட்டும் அங்கே நிற்பார். அது ஐயாவு.

தம்முடைய பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் தோட்டம் முழுக்க மகாராஜா போல் சுற்றி வருகிறவர், டவுனுக்குப் போகிற நாளில் தூங்குமூஞ்சி மரம் வந்ததும் வண்டியை அடியோடு நிறுத்துவார். காலை ஊன்றுவார். வலது பக்கம் பார்ப்பார், இடது பக்கம் பார்ப்பார், மறுபடியும் வலது. பிறகு இறங்கி, வண்டியை மரத்தடியில் பூட்டிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார். இல்லையென்றால் போகிற வண்டியில் தும்பாங் கேட்டு ஏறிக்கொள்வார். ஏன் என்று கேட்டால் பெட்ரோல் விலை, முட்டிக்கு நடை நல்லது, பஸ்ஸில் குளுகுளுவென்று ஏர்கோன் இருக்கிறது. உண்மை என்னவென்றால், மரத்துக்கு அந்தப் பக்கம் போலீஸ் இருக்கிறது. இந்தப் பக்கம் இல்லை.

ஆமாம். அவரிடம் லைசென்ஸ் இல்லை. தோட்டத்துக்கே தெரியும். கேட்டவர்தான் இல்லை. வாத்தியாரிடம் போய் மார்க் ஷீட் காட்டு என்று யார் கேட்பது?

முப்பது வருடத்தில் அவர் உண்டாங் எழுத நாள் குறிக்காத மாதமே கிடையாது. ஆனால் குறித்த நாளில் பிரதோஷம் வந்துவிடும், மச்சானுக்கு நிச்சயதார்த்தம் வந்துவிடும், மழை வரும், மழை வராவிட்டால் வெயில் மண்டையைப் பிளக்கும், புதுக் கேள்வித்தாள் வரப்போவதாகச் செய்தி வரும், வந்த பிறகு அது இன்னும் நன்றாக ஊறட்டும் என்று தோன்றும், கொரோனா வந்து இரண்டு வருடம் நாட்டையே பூட்டியபோதோ அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து இராஜம்மாவே பயந்துபோனாள். இராஜம்மா அவர் மனைவி. தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். அழுகிற பிள்ளை எது, அழுவது போல் நடிக்கிற பிள்ளை எது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள்.

இப்படியே போயிருந்தால் ஐயாவு ஓய்வு பெறும்வரை வாத்தியாராகவே இருந்திருப்பார். விதி கிராணி உருவத்தில் வந்தது. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதப் புதிதாக வந்த கிராணி தேவதாஸ் ஒரு காலைப் பெரட்டில் கைப்பேசியைப் பார்த்து வாசித்தார்.

"அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலேர்ந்து லைசென்ஸ் இல்லாம தோட்டத்துக்குள்ளகூட யாரும் வண்டி ஓட்டக் கூடாது. மேலேர்ந்து வந்த ஆர்டர். கொறஞ்சது 'எல்' லைசென்சாச்சும் காட்டணும். மண்டோர் வேலைக்கு வண்டி கட்டாயம். வண்டி ஓட்ட முடியாத மண்டோர் உதிரிப்பழம் பொறுக்கப் போவணும். எல்லாரும் போட்டோஸ்டாட் எடுத்துக் குடுங்க. ஐயாவு அண்ணே, ஒங்களோடது?"

"வீட்ல இருக்கு."

"எந்த வீட்ல?" என்று கூட்டத்திலிருந்து இராஜம்மா கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தத்தம் செருப்பைப் பார்த்தார்கள். பிரேமலா மட்டும் கையைத் தூக்கினாள்.

"கிராணி சார், மண்டோருக்கு 'எல்' இல்லன்னா, அந்த வேலைக்கு வேற யாராச்சும் பேர் குடுக்கலாமா? நானும் எழுதலாம்னு இருக்கேன்."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். ஐயாவுதான் உரக்கச் சிரித்தார். முதலில் நிறுத்தியவரும் அவர்தான்.

அவருக்குப் பயம். அதற்குக் கௌரவமான வேறு பெயர் எதுவும் வைக்க வேண்டாம், பயம்தான். இருபத்தொரு வயதில் நாலு கூட்டாளிகளுக்கு இரவு பகலாகச் சொல்லிக் கொடுத்து, அவர்களோடு தேர்வு மண்டபம்வரை போனவருக்கு, வாசலில் நின்றபோது ஒரு நினைப்பு வந்தது. இவர்கள் நாலு பேரும் பாஸாகி நான் மட்டும் ஃபெயிலானால்? உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நாலு பேரும் பாஸானார்கள். "எல்லாம் ஐயாவு சொல்லிக் குடுத்தது" என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள். அன்றைக்கு அவர் வாத்தியார் ஆனார். வாத்தியார் ஆன பிறகு மாணவனாகத் திரும்பிப் போவது எப்படி? ஒவ்வொரு வருடமும் பெயர் ஒரு படி ஏறியது, விழ வேண்டிய உயரமும் ஒரு படி கூடியது.

ஆனால் மண்டோர் வேலை போனால்? சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, மரத்துக்கு மரம் குனிந்து, தானே விரட்டி வேலை வாங்கிய ஆட்களோடு பழம் பொறுக்க வேண்டும். அதுவும் பிரேமலா வண்டியில் வந்து பார்த்து, சாக்கு நிறையவில்லையே மாமா என்று கேட்க. ஐயாவு நாள் குறித்தார். இந்த முறை பிரதோஷத்தைப் பார்க்கவில்லை.

தயாரிப்பு தொடங்கியது. புதுப் பேனா இரண்டு வாங்கினார், தேர்வு கணினியில் என்று அவருக்கே தெரிந்திருந்தும். காலையில் தூதுவளைச் சாறு குடித்தார். சாமி படத்துக்குப் பின்னால் இருந்த புத்தகம் சாமி படத்துக்கு முன்னால் வந்தது. மாலையில் இராஜம்மா கைப்பேசியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"மஞ்ச லைட்டு எரியிது. என்னா செய்வீங்க?"

"இப்ப மஞ்ச லைட்டுன்னா என்னான்னு மொதல்ல பாக்கணும். இது ஏன் வந்துச்சு, எதுக்காக வந்துச்சு..."

"வெளக்கம் வேணாங்க. விட."

"கேள்வியே சரியில்ல. அடுத்தது கேளு."

பத்துக் கேள்வியில் ஆறு சரி. மிச்சம் நாலும் தப்பான கேள்விகள். அவருக்குப் பாடம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லும்போது அருவியாகக் கொட்டும். தன்னிடமே கேட்டால்தான் விடைக்குப் பதில் விளக்கம் வரும்.

வெளியில் கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான். "பிரேமலா எழுதப் போவுது. பொம்பளப் புள்ள, தனியா போவக் கூடாதுல்ல? தொணைக்குப் போறேன்."

தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை, டவுனுக்கு வெளியே இருந்த டிரைவிங் ஸ்கூலில் கட்டாய வகுப்பு. துணைக்குப் போனவர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். பாடம் நடத்திய சுல்கிஃப்லி என்ற இளைஞரை இரண்டு இடத்தில் திருத்தினார், மூன்றாவது இடத்தில் எழுந்து நின்று திருத்தினார்.

"அங்கிள், நீங்க எந்த வருசம் லைசென்ஸ் எடுத்தீங்க?" என்று சுல்கிஃப்லி மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏர்கோன் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. கொறைங்க" என்றார் ஐயாவு.

செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் கப்சாயை மரத்தடியில் நிறுத்தி, வலம் இடம் பார்த்து, பூட்டி, பிரேமலாவோடு பஸ் ஏறினார். வழியெல்லாம் அவளுக்குச் சட்டங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் விடை வேண்டாம். நீளமான விடை வேண்டும். ஹார்னை மறக்காதே. அவள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

தேர்வு மண்டபத்தின் வாசலில் அவர் கை வயிற்றுக்குப் போனது. "மாமா, வாங்க" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பிரேமலா. பின்னால் பத்துப் பேர் வரிசை. வயிற்றுவலியை அன்றைக்கு ஒத்திப்போட வேண்டியதாயிற்று.

திரையில் முதல் கேள்வி வந்தது. நாலு விடையும் ஒரே நீளம். ஐயாவுவுக்கு வியர்த்தது. மவுஸைப் பிடித்த கை தானாக ஆக்சிலேட்டர் முறுக்கப் பார்த்தது. ஆனால் ஐந்தாறு கேள்வி போனதும் மூச்சு சீரானது. இது தெரியும், இதுவும் தெரியும், இதைப் போன மாதம்தான் சொல்லிக் கொடுத்தோம். முப்பது வருடமாக மற்றவர்களுக்கே விடை சொல்லி, தனக்கென்று ஒரு விடையும் கொடுக்காத மனிதர், ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போனார். அந்த அரைமணி நேரம் அவர் சந்தோஷமாக இருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

நாற்பத்தெட்டாவது கேள்விக்கு ஒரு படம். சந்திப்பு, 'நில்' பலகை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வண்டி எதுவும் இல்லை, ஓரத்தில் ஒரு பெரிய மரம். என்ன செய்வீர்கள்? மூன்றாவது விடை, முழுதாக நிறுத்தி, இரு பக்கமும் பார்த்து, பிறகு போக வேண்டும் என்றது. நாலில் அதுதான் நீளமும்கூட. அவருடைய சொந்தச் சட்டமே அதைத்தான் அழுத்தச் சொன்னது. ஆனால் அந்த மரத்தைப் பார்த்தீர்களா? தூங்குமூஞ்சி மரமேதான். மரம் தெரிந்ததும் முனியாண்டி தெரிந்தார். முனியாண்டியைக் கண்டதும் விரல் கேட்காமலே இரண்டாவது விடைக்குப் போனது. ஹார்ன் அடித்துவிட்டுப் போக வேண்டும்.

கடைசி விடையை அழுத்தியதும் முடிவு வந்தது. ஐம்பதுக்கு நாற்பத்தொன்று.

அடுத்த நாற்காலியில் பிரேமலாவுக்கு நாற்பத்தைந்து.

திரும்பும் பஸ்ஸிலிருந்து தோட்டத்து நிறுத்தத்தில் இறங்கி மரத்தடிக்கு வந்ததும் ஐயாவு கேட்டார்.

"ஒனக்கும் அந்த மரம் போட்ட கேள்வி வந்துச்சா?"

"வந்துச்சு மாமா."

"ஹார்ன்தானே போட்ட?"

"இல்ல. நிறுத்திப் பாத்துட்டுப் போவணும்னு போட்டேன்."

"நான் ஹார்ன்னு சொல்லிக் குடுத்தேனேலா!"

"நீங்க சொன்னது ஹார்ன்தான். எனக்கும் கை அங்கதான் போச்சு." பிரேமலா கொஞ்சம் தயங்கினாள். "அப்பறம் ஒங்க ஞாபகம் வந்துச்சு மாமா. நான் ஸ்கூலுக்கு பஸ்ஸுக்கு நின்ன காலத்துலேர்ந்து பாக்கறேன். எல்லாரும் ஹார்ன் அடிச்சிட்டுப் பறப்பாங்க. நீங்க மட்டும் அடியோட நிறுத்துவீங்க. வலது பாப்பீங்க, எடது பாப்பீங்க, மறுபடி வலது. அதான் சரின்னு போட்டேன்."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் அவர் சரியாகக் கற்றுக் கொடுத்த ஒரே பாடம், லைசென்ஸ் இல்லாத பயத்தில் கற்றுக் கொடுத்தது. அதை அவரே கற்றுக்கொள்ளவில்லை. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. கப்சாயின் பூட்டைத் திறக்க வெகுநேரம் பிடித்தது.

மறுபடி எழுத அந்த மாதம் அவர் நாள் குறிக்கவில்லை. மாதக் கடைசி நாளில் டவுனுக்குப் போய் வந்தவர், மரத்தடியிலிருந்து வண்டியை எடுக்காமல் வீட்டுக்கு நடந்தே போனார். விடிந்தால் முதல் தேதி. விடிந்தது. சிவப்பு 'எல்' ஒட்டிய மோட்டார் சைக்கிளில் பிரேமலா வந்து இறங்கி, புது மண்டோராகப் பெரட்டில் பெயர் கூப்பிட்டாள். "ஐயாவு மாமா" என்று அவள் கூப்பிட்டபோது, "இருக்கேன்" என்றார். இராஜம்மா அவருக்குச் சாக்கை மடித்துக் கொடுத்தாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

இத்தோடு அந்த இனம் ஒன்பதாங்கட்டையில் அழிந்தது என்று நினைக்கிறீர்களா? நீங்கள் நல்லவர். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். இதுவரை வந்ததிலேயே பெரிய கூட்டம்.

"நாப்பத்தொண்ணு!" என்று தொடங்கினார் ஐயாவு. "பாஸானவனுக்கு என்னா தெரியும்? உள்ள போனான், வந்தான். ஒரே மார்க்குல போனவனுக்குத்தான் அந்த ஒரு மார்க்கு எங்க போவுதுன்னு தெரியும். எழுதிக்குங்க. முச்சந்தியில..." அங்கே மட்டும் அவர் குரல் ஒரு கணம் நின்றது. "முச்சந்தியில நிக்கணும். முழுசா. வலது, எடது, வலது."

வகுப்பு முடிகிற நேரத்தில் பிரேமலா ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"பதினெட்டாந்தேதி மாமா. ஒங்க பேரு குடுத்துட்டேன். ஒரே ஒரு மார்க்குதான். சாமி படத்துக்குப் பின்னால வெச்சிடாதீங்க."

ஐயாவு வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவர் கை வயிற்றுப் பக்கம் போவதை ஒன்பது பேரும் பார்த்தார்கள்.

"பதினெட்டா?" என்றார். "அன்னிக்குப் பிரதோஷம் இல்ல?"

சிரித்துவிட்டீர்கள். பாவம், மனிதர் என்று தலையையும் ஆட்டிக்கொண்டீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று. போன வாரம் தம்பி மகளுக்கு அத்தனை தெளிவாக ஒரு யோசனை சொன்னீர்களே, ஒரு மணி நேரம், கைவிரலை மடக்கி மடக்கி? அதை நீங்கள் செய்து முடித்தது எந்த வருடம்? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். இதை எழுதுகிறவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள், ஏர்கோன் கொஞ்சம் ஜாஸ்தியாக இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் தூங்குமூஞ்சி மரத்தடியைப் பாருங்கள். ஐயாவுவின் கப்சாய் இன்னும் அங்கேதான் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் இந்த இனத்தாரின் வேறு சில வண்டிகளும் பூட்டிக் கிடக்கின்றன. உங்கள் சாவி எதற்காவது பொருந்துகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.